மதிலுக்குள் ஒரு மாகாணத் தலைநகர்: செஞ்சியின் நகர வளர்ச்சியும் பொதுக் கட்டடங்களும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலை, ஏறத்தாழ 28 கி.மீ. தொலைவில் செஞ்சிப் பேரூரைக் கடந்ததும், ஒரு பழைய மதிலை ஊடறுத்துக்கொண்டு இரண்டு பாறை மலைகளுக்கு நடுவே நுழைகிறது. இடப்பக்கம் இராஜகிரி, வலப்பக்கம் கிருஷ்ணகிரி. சற்றுத் தென்கிழக்கே சந்திரகிரி. இம்மூன்று மலைகளையும் முக்கோணமாக இணைக்கும் மதில் மூன்று மைலுக்கு மேற்பட்ட சுற்றளவுடையது. இந்த மதிலையும் மலையுச்சிக் காவல்களையும் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். முற்றுகைகள், படையெடுப்புகள், தேசிங்கு ராஜன் கதைப்பாடல் ஆகியவற்றின் வழியாகவே செஞ்சி தமிழ் வாசகர்க்கு அறிமுகமாகியுள்ளது. ஆனால் மதிலுக்குள் இருந்தது வெறும் படைமுகாம் அன்று. சுமார் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஒரு பேரரசின் மாகாணத் தலைநகராகவும், பின்னர்த் தன்னாட்சி பெற்ற ஓர் அரசின் இருக்கையாகவும் விளங்கிய நகரம் அங்கே இருந்தது. அந்த நகரம் எவ்வாறு வளர்ந்தது, அதன் குடிநீரும் தானியமும் வழிபாடும் அரசவையும் எவ்வகைக் கட்டடங்களில் இடம்பெற்றன, அவற்றை யார் எழுப்பினர் என்னும் கேள்விகளுக்குச் செஞ்சியைப் பற்றிய எழுத்துகளில் கிடைத்துள்ள இடம் மிகக் குறைவு. அக்கேள்விகளை ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாகாண நகரம் ஒன்றின் பொதுக் கட்டடங்களை எப்படி ஆராய்வது என்பதற்கு உலகில் மிக விரிவாக வளர்ந்துள்ள துறை உரோமப் பேரரசின் மாகாண நகரங்களைப் பற்றியதாகும். அந்தத் துறையின் சில முறைகளைச் செஞ்சிக்குப் பொருத்திப் பார்ப்பது பயன் தரும். உரோமத்தோடு இந்த மண்ணுக்குப் பழந்தொடர்பும் உண்டு. செஞ்சி ஆறு என்று ஊர்மக்கள் சொல்லும் சங்கராபரணி, செஞ்சி மலைகளில் தோன்றிக் கிழக்கே ஓடிப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலை அடைகிறது. அதன் கிளையான அரியாங்குப்பம் ஆற்றின் கரையில்தான் அரிக்கமேடு உள்ளது. 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கு நடத்திய அகழாய்வுகள், மதுச்சாடிகளான அம்போராக்களையும் இத்தாலியச் செந்நிற மட்கலங்களையும் வெளிக்கொணர்ந்து, மேலைக் கடல் வணிகத்தில் இக்கரை கொண்டிருந்த பங்கை நிலைநாட்டின. எனினும் அரிக்கமேடு உரோமரோடு வணிகம் செய்த துறைமுகமேயன்றி உரோம நகரமன்று. பேரரசு ஒன்றின் கை நீண்டு வந்து ஒரு மாகாண ஊரின் தெருக்களையும் குளங்களையும் மண்டபங்களையும் உருவாக்கிய கதையை அறிய, அதே ஆற்றின் மேற்பகுதிக்குத்தான் செல்லவேண்டும்.

உரோம மாகாண நகரத்தின் நடுவில் நான்கு பக்கமும் தூண்தாழ்வாரம் சூழ்ந்த திறந்த வெளி ஒன்று இருக்கும். சந்தை, வழக்குமன்றம், கோயில், ஊர்மன்றம் யாவும் அதைச் சுற்றி அமையும். வட ஆப்பிரிக்காவில் கி.பி. 100-இல் பேரரசன் டிராஜன் நிறுவிய டிம்காட் நகரில் தெருக்கள் சதுரங்கக் கட்டம் போல ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டிச் செல்கின்றன. தென் பிரான்சின் நீம் நகருக்கு ஏறத்தாழ 50 கி.மீ. நீளமுள்ள கால்வாய் தண்ணீர் கொண்டுவந்தது. அதன் வழியில் அமைந்த மூன்றடுக்குப் பாலம் இன்றும் நிற்கிறது. இக்கட்டடங்களில் பெரும்பாலானவை பேரரசன் நேராகக் கட்டியவை அல்ல. ஊர்ப்பெரியவர்கள் பதவிக்கு வந்தபோது தம் சொந்தச் செலவில் குளியலரங்கும் தாழ்வாரமும் கட்டித் தந்து, தம் பெயரைக் கல்லில் வெட்டிவைத்தனர். அந்த முறை எப்போதும் சீராக நடந்ததில்லை. கி.பி. 110-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆசியா மைனரின் வடபகுதியில் ஆளுநராயிருந்த இளைய பிளினி பேரரசனுக்கு அனுப்பிய கடிதங்களில், நிகோமீடியா நகரத்தார் 33,18,000 செஸ்டெர்ஸ் நாணயம் செலவழித்துத் தொடங்கிய நீர்க்கால்வாய் பாதியில் கைவிடப்பட்டதும், நிசேயா நகரில் ஒரு கோடிக்கும் மேல் விழுங்கிய நாடக அரங்கு முடிவதற்குள் அமுங்கி வெடித்ததும் பதிவாகியுள்ளன. பொதுக் கட்டடத்தை அழகுக் கலையாக மட்டும் பாராமல் பணம், தண்ணீர், நிலம், அதிகாரம் ஆகியவற்றின் கணக்காகப் பார்க்கும் பழக்கம் உரோம ஆய்வில் இத்தகைய சான்றுகளால்தான் வேரூன்றியது.

செஞ்சிக்கு முன்பே இவ்வட்டாரத்தில் நகரங்கள் இருந்தன. அவற்றின் அமைப்பு வேறு. முகையூருக்கு அண்மையிலுள்ள திருக்கோவலூர், சங்க காலத்தில் மலையமான்களின் ஊராகப் பெண்ணையாற்றங்கரையில் வளர்ந்து, பிற்காலத்தில் உலகளந்த பெருமாள் கோயிலையும் வீரட்டானத்தையும் மையங்களாகக் கொண்ட கோயில் நகரமாயிற்று. இராஜராஜச் சதுர்வேதிமங்கலம் எனக் கல்வெட்டுகளில் வழங்கும் எண்ணாயிரம், சபை என்னும் ஊராட்சி மன்றத்தால் ஆளப்பட்ட பிராமணக் குடியிருப்பு. முதலாம் இராஜேந்திரன் காலக் கல்வெட்டு ஒன்று அங்கு நடந்த கல்லூரியில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்ததையும் அவர்களுக்கு அளக்கவேண்டிய நெல்லையும் விரிவாகக் குறிக்கிறது. இந்தச் சோழர் கால ஊர்களில் பொதுவாழ்வு முழுவதையும் கோயிலே தாங்கிற்று: கல்வியும் களஞ்சியமும் ஆவணக் காப்பும் கூட்டமும் கோயில் மதிலுக்குள்ளேயே நிகழ்ந்தன. அரண்மனைக்கென்றும் படைக்கென்றும் தானியத்துக்கென்றும் தனித்தனிப் பெருங்கட்டடங்கள் எழுந்து, அவை கோயிலோடு அருகருகே நின்ற நிலை செஞ்சியில்தான் இவ்வட்டாரத்தில் முதன்முதலாக முழு வடிவம் பெற்றது எனலாம். ஊரின் உருவமே மாறிய அந்தத் திருப்பம் அரசர் பட்டியல்களைக் காட்டிலும் கவனத்துக்குரியது.

செஞ்சிப் பகுதியின் குடியிருப்பு மிகப் பழையது. வடக்கே சிங்கவரத்தில் பள்ளிகொண்ட அரங்கநாதரைக் கொண்ட குடைவரைக் கோயிலும், பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியிலுள்ள குடைவரையும் பல்லவர் காலத்தவை. மெக்கன்சி தொகுப்பில் இடம்பெற்ற 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்', ஆனந்தக் கோன் என்னும் இடையர் குலத் தலைவன் முதன்முதலில் இம்மலையில் அரண் கட்டியதாகவும், அவன் வழிவந்த கிருஷ்ணக் கோன் வடமலையில் கோட்டை எழுப்பியதாகவும் கூறுகிறது. ஆடு மாடு மேய்க்கும் மக்களின் தலைவர்கள் பாறை மலைகளைக் காவலிடமாக்கியதில் வியப்பில்லை. எனினும் இது வழிவழிச் செய்தி என்ற அளவில் கொள்ளத்தக்கதே. நகரத்தின் உண்மையான வளர்ச்சி விஜயநகர ஆட்சியோடு தொடங்குகிறது. பதினான்காம் நூற்றாண்டில் குமார கம்பணன் படையெடுப்புக்குப் பின் தொண்டைமண்டலம் விஜயநகரத்தின் கீழ் வந்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செஞ்சி, தஞ்சை, மதுரை ஆகிய மூன்றும் நாயக்கர்களின் இருக்கைகளாயின. நாயக்கர் என்போர் பேரரசனிடமிருந்து நிலப்பகுதியைப் பெற்று, அதன் வருவாயில் ஒரு பகுதியைத் தலைநகருக்குச் செலுத்தி, குறித்த அளவு படையையும் வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள். உரோம ஆளுநர் சில ஆண்டுகளில் மாறிப் போகிறவர். நாயக்கரோ தம் மாகாணத்திலேயே பரம்பரையாக நிலைத்தவர். அதனால் ஆளுநர், ஊர்ப்பெரியவர், கட்டடப் புரவலர் என உரோமத்தில் மூவரிடம் பிரிந்து கிடந்த பொறுப்புகள் செஞ்சியில் ஒரே குடும்பத்திடம் குவிந்தன.

அக்குடும்பத்தில் பெரும்புகழ் பெற்ற கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், 1590-களின் இறுதியில், ஏசு சபைப் பாதிரியார் நிக்கோலாஸ் பிமென்டா செஞ்சிக்கு வந்தார். தாம் இந்தியாவில் கண்ட நகரங்களுள் இதுவே பெரியது என்றும், போர்த்துகல் நாட்டில் லிஸ்பனைத் தவிர வேறெந்த நகரும் இதற்கு ஈடாகாது என்றும் அவர் எழுதியுள்ளார். நகரின் நடுவே இன்னொரு நகரம் போலக் கோட்டை இருந்தது. செதுக்கிய பெருங்கற்களால் ஆன மதிலும் நீர் நிறைந்த அகழியும் அதைச் சூழ்ந்தன. அதற்கும் நடுவே பாறை மலை ஒன்று அரணாக்கப்பட்டிருந்தது என்பது அவர் தரும் சித்திரம். பாதிரிமாரின் கடிதங்களில் மிகை இருக்கக்கூடும். ஆனால் அவர் கோட்டைக்குள் ஓர் ஊர் இருந்ததாகச் சொல்லாமல், பெருநகர் ஒன்றின் நடுவில் கோட்டை இருந்ததாகச் சொல்வதுதான் இங்கு முக்கியம். இன்று எஞ்சியிருப்பது நடுப்பகுதி மட்டுமே; வெளிநகரம் வயலாகவும் புதராகவும் புதிய தெருக்களாகவும் மாறிவிட்டது. கற்கட்டடம் நிற்பதையும் மண் வீடு மறைவதையும் கொண்டு செஞ்சியைப் படைமுகாமாக மட்டும் எண்ணிவிட்ட பிழைக்கு மூல காரணம் இதுவே.

கிருஷ்ணப்பரின் கட்டடப் பணி தலைநகரோடு நிற்கவில்லை. சிதம்பரத்தில் கோவிந்தராஜர் சன்னதியைப் புதுப்பிக்கும் பணியை அவர் எதிர்ப்புக்கிடையே நடத்தினார். அதைத் தடுக்க முயன்ற கோயிலார் சிலர் கோபுரத்திலிருந்து விழுந்து உயிர்விட்டதைப் பிமென்டா பதிவு செய்துள்ளார். வெள்ளாறு கடலோடு சேருமிடத்தில், இன்றைய பரங்கிப்பேட்டைப் பகுதியில், கிருஷ்ணப்பட்டினம் என்ற துறைமுக ஊரை அவர் எழுப்பினார். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் வணிகம் செய்ய உரிமை கேட்டு அணுகியதும் செஞ்சியைத்தான். ஆக, கடற்கரையில் யார் கடை வைப்பது, கோயிலில் எந்தச் சன்னதி எழும்புவது என்பனவெல்லாம் கடலிலிருந்து வெகு உள்ளே, பாறைகளுக்கிடையே இருந்த இந்த நகரத்தில் தீர்மானிக்கப்பட்டன.

நகரின் அமைப்பைத் தீர்மானித்தது பாறையே. டிம்காட் போன்ற சமவெளி நகரில் அளவுகோல் கொண்டு தெரு வகுக்க முடிந்தது. செஞ்சியில் உருண்டு கிடக்கும் பெரும்பாறைகளும் மலைச்சரிவுகளும் எங்கே மதில் ஏறும், எங்கே வாசல் திறக்கும் என்பதை முன்னமே வகுத்துவிட்டிருந்தன. ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள இராஜகிரியின் உச்சி கடைசிப் புகலிடம். உச்சிக்கு முன் பாறையைப் பிளந்த பள்ளம் ஒன்றைப் பாலத்தால் மட்டுமே கடக்க முடியும். அம்மலையின் அடிவாரத்தில் உட்கோட்டையும், அதற்கு வெளியே மூன்று மலைகளையும் அணைத்த பெரிய வெளிக்கோட்டையும், அதற்கும் வெளியே பேட்டை எனப்படும் வணிகர், கைவினைஞர் குடியிருப்பும் அடுத்தடுத்து அமைந்தன. வடக்கே வேலூர் வாசலும் கிழக்கே புதுச்சேரி வாசலும் வெளிக்கோட்டையின் முதன்மை நுழைவாயில்கள். உரோம நகரத்தின் இதயம் எல்லாரும் வந்து கூடும் திறந்த வெளியாயிருக்க, செஞ்சியின் இதயம் வாசலுக்கு வாசல் உள்வாங்கி, நுழையும் உரிமை படிப்படியாகக் குறையும் வகையில் வகுக்கப்பட்டிருந்தது. பொதுமக்களுக்குரிய திறந்த வெளியைக் குளக்கரைகளும் கோயில் மண்டபங்களும் தேர் ஓடும் தெருக்களும்தான் வழங்கின.

பொதுக் கட்டடங்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது நீர் அமைப்பு. வறண்ட பாறை நிலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழவேண்டுமாயின், மழை பெய்யும் சில மாதங்களின் நீரை ஆண்டு முழுவதும் தேக்கிவைத்தாக வேண்டும். செஞ்சியில் இதற்குப் பல நிலைகளில் வழி செய்யப்பட்டிருந்தது. மலைமேல் வற்றாத சுனைகளும் மழைநீர்த் தொட்டிகளும் இருந்தன. மலையின் வழுக்குப் பாறைகளில் வழிந்து வரும் நீரை அடிவாரக் குளங்கள் வாங்கிக்கொண்டன. ஆனைக்குளம், சக்கரக்குளம், செட்டிக்குளம் ஆகியவை இன்றும் கல் படிக்கட்டுகளோடு உள்ளன. இவற்றில் மிகுந்த கவனத்துக்குரியது குளத்திலிருந்து அரண்மனைக்கு நீர் சென்ற வழி: உட்கோட்டை மதிலுக்கு வெளியேயுள்ள குளத்திலிருந்து சுட்ட மண்குழாய்கள் வழியே நீர் உள்ளே கொண்டுவரப்பட்டது. நீம் நகரின் கால்வாயைப் போல மலைகளையும் ஆறுகளையும் தாண்டி வரவேண்டிய தேவை இங்கில்லை. மலையே நீர்ப்பிடிப்புப் பரப்பாகவும் நகரம் அதன் காலடியிலும் இருந்தமையால் தூரம் குறைவு. ஆனால் உயரத்தில் தேக்கிய நீர் தன் மட்டத்தைத் தேடி மறுபடி உயர ஏறும் என்பதை அறிந்தவர்கள் இக்குழாய்களைப் பதித்திருக்கிறார்கள்.

அந்த அறிவின் வெளிப்பாட்டைக் கல்யாண மகாலில் காணலாம். செஞ்சியின் அடையாளமாகவே ஆகிவிட்ட இக்கட்டடம் சதுரமான ஒரு முற்றத்தையும், அதைச் சுற்றிலும் வளைவுகளைக் கொண்ட அறை வரிசைகளையும், முற்றத்தின் ஒரு பக்கத்தில் எழும் மாடக் கோபுரத்தையும் உடையது. நிலைகளை ஏழு என்று எண்ணுவோரும் எட்டு என்று எண்ணுவோரும் உண்டு. ஒவ்வொரு நிலையிலும் நடுவில் சுமார் எட்டடிச் சதுரமுள்ள ஒரு சிறிய அறையும், அதைச் சுற்றி வளைவுகள் தாங்கும் குறுகிய தாழ்வாரமும் உள்ளன. ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய ஒடுங்கிய படிகள் நிலைக்கு நிலை செல்கின்றன. உச்சியில் கோயில் விமானத்தை நினைவூட்டும் கூம்பு வடிவக் கூரை முடிகிறது. முற்றத்தில் நீர்த்தொட்டி இருக்கிறது. மண்குழாய் ஆறாம் நிலை வரை நீரைக் கொண்டு சென்றதாகப் பழைய மாவட்டக் கையேடு குறிக்கிறது. வெயில் காலத்தில் பாறைகள் இரவிலும் வெப்பம் உமிழும் ஊரில், நாலாபுறமும் காற்றுக்குத் திறந்த இம்மாடங்கள் எத்துணைத் தேவையாயிருந்தன என்பதை அங்கு ஏறியவர் உணர்வர். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய கூர் வளைவுகள் தக்காணச் சுல்தானியரின் கட்டடக் கலையிலிருந்து விஜயநகரம் ஏற்றுக்கொண்டவை. அடுக்கடுக்காய்க் குறுகி மேலேறும் வடிவமோ தமிழ்க் கோயிற் கலையின் சொத்து. ஹம்பியின் தாமரை மகாலிலும் ஆந்திரத்துச் சந்திரகிரியின் ராஜ மகாலிலும் காணும் அதே கலவை இங்குக் கருங்கல் மலைகளின் நடுவே உயர்ந்து மெலிந்து தனி உருவம் பெற்றிருக்கிறது. உரோமத்தின் வளைவும் காரைக் கலவையும் மாகாணங்களுக்குச் சென்றபோது அந்தந்த ஊர்க் கல்லோடும் கைத்திறனோடும் கலந்து புதிய வடிவம் கொண்டது போன்ற நிகழ்வே இது. தலைநகரின் நகல் என்று இதைத் தள்ளுவது பொருந்தாது. தலைநகரில் இப்படி ஒன்று இல்லை.

கல்யாண மகாலுக்கு அருகே நிற்கும் களஞ்சியங்கள் பார்ப்போரின் கண்ணுக்கு அவ்வளவு இனிமையானவை அல்ல; ஆனால் நகர நிர்வாகத்தின் தன்மையை அவை தெளிவாக உணர்த்துகின்றன. தடித்த சுவர்களின்மேல் நீண்ட பீப்பாயைக் குறுக்கே அறுத்துக் கவிழ்த்தாற் போன்ற வளைகூரைகளைக் கொண்ட இவற்றில் மரமே இல்லை; தீயும் கறையானும் ஈரமும் அண்டாதபடி கட்டப்பட்டவை. கிருஷ்ணகிரி மேலும் களஞ்சியங்களும், எண்ணெயும் நெய்யும் சேமித்த குழிகளும் உள்ளன. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் தஞ்சை நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. அது கோயிலுக்குரியது, காவிரி வயலின் விளைச்சலைக் காத்தது. செஞ்சியின் களஞ்சியங்களோ அரசுக்குரியவை. வரியாக வந்த தானியம் இங்குச் சேர்ந்து, படைவீரர்க்கும் பணியாளர்க்கும் படியாக வெளிச்சென்றது. உரோமரின் எல்லைப்புற நகரங்களில் அரசுக் களஞ்சியங்கள் ஆற்றிய பணி இதுவே. அருகிலுள்ள லாய வரிசையையும், உடற்பயிற்சிக்கூடம் என வழங்கும் பெரிய வளைகூரைக் கட்டடத்தையும், தொல்லியல் துறையினர் மண்ணை அகற்றி வெளிப்படுத்திய அரண்மனை அடித்தளங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, உட்கோட்டை என்பது அரசர் வாழ்ந்த இடமாக மட்டுமின்றி வருவாயும் செலவும் கைமாறிய பெரிய அலுவலக வளாகமாகவும் தோன்றுகிறது.

வெளிக்கோட்டையில் உள்ள வேங்கடரமணர் கோயில் செஞ்சியின் கோயில்களுள் பெரியது. முத்தியாலு நாயக்கர் கட்டியது. கோபுர வாயிலின் உட்பக்கச் சுவர்களில் இராமாயணக் காட்சிகளும் திருமாலின் அவதாரங்களும் கண்ணன் கதைகளும் சிறுசிறு கட்டங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. வாயிலைக் கடக்கும் எவரும் நின்று பார்க்கக்கூடிய உயரத்தில் அவை அமைந்திருப்பது, அரண்மனைக்குள் நுழைய உரிமையற்ற நகர மக்களுக்கும் கட்டடக் கலையின் பங்கு கிடைத்ததைக் காட்டுகிறது. கோட்டைக்கு வெளியே பட்டாபிராமர் கோயிலும், இராஜகிரிச் சரிவில் கமலக்கண்ணியம்மன் கோயிலும், இரு மலைகளின் மேலும் அரங்கநாதர் சன்னதிகளும் இருந்தன. அரசர்களின் வைணவமும் ஊராரின் அம்மன் வழிபாடும் ஒரே மலைப்பாதையில் சந்தித்தன. இன்று அரங்கநாதர் சன்னதி மூலவரின்றி வெறுமையாயிருக்க, அம்மனுக்கு ஆண்டுதோறும் திருவிழா நடைபெறுகிறது. ஆட்சியாளர் மாறினாலும் ஊரார் கைவிடாத கட்டடமே நிலைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

கட்டியவர் யார் என்ற கேள்விக்கு நாயக்கர் என்ற ஒற்றை விடை போதாது. முத்தியாலு நாயக்கர் பெயர் கோயிலோடும், ராம செட்டி என்னும் வணிகரின் பெயர் பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வெட்டப்பட்ட செட்டிக்குளத்தோடும் இணைந்துள்ளன. நாயக்க அரசு மறைந்து பல ஆட்சி மாற்றங்களுக்குப் பின்னும் ஒரு வணிகர் தம் செலவில் நகருக்குக் குளம் வெட்டினார் என்பது, அந்நகரில் அப்போதும் பொதுநலத்துக்குப் பொருள் ஒதுக்கும் குடிமக்கள் இருந்தனர் என்பதை உறுதிப்படுத்துகிறது. உரோம நகரப் பெரியவர் கல்லில் பெயர் பொறித்துக் குளியலரங்கம் கட்டியதற்கும், செஞ்சி வணிகர் தம் பெயரில் குளம் வெட்டியதற்கும் நோக்கத்தில் வேறுபாடு அதிகமில்லை. புண்ணியமும் புகழும் ஊரின் நன்றியும் இரண்டிலும் கலந்தே இருந்தன. கல்லுடைத்தவர்கள், செங்கல் சுட்டவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள் ஆகியோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பாறைகளில் வரிசை வரிசையாகக் காணும் ஆப்புக் குழிகள்தாம் அவர்கள் விட்டுச்சென்ற கையொப்பம்.

1649-இல் பீஜப்பூர்ச் சுல்தானின் படை செஞ்சியைக் கைப்பற்றியதோடு நாயக்கர் ஆட்சி முடிந்தது. இதன்பின் நகரம் மெல்ல மெல்லப் படைத்தளமாக மாறிற்று. தொடக்க கால மதில் செதுக்கிய கருங்கல்லைச் சாந்தின்றிப் பொருத்திக் கட்டியதும் சதுரக் கொத்தளங்களைக் கொண்டதுமாகும். பீரங்கிக் காலத்துக்கு ஏற்ப அது பின்னர் மண்ணணை சேர்த்துத் தடிப்பாக்கப்பட்டு, வட்டக் கொத்தளங்கள் இணைக்கப்பட்டது. இம்மாற்றங்களை அளந்து வரைபடங்களோடு விளக்கியவர் பிரெஞ்சு ஆய்வாளர் ழான் தெலோஷ். 1677-இல் செஞ்சியைப் பெற்ற சிவாஜி புதிய மதில்களையும் அகழிகளையும் கொத்தளங்களையும் நீர்த்தேக்கங்களையும் ஐரோப்பியக் கலைக்கு ஈடாக அமைத்தார் என்று மறு ஆண்டே ஏசு சபைப் பாதிரியார் அந்திரே பிரெய்ரே எழுதினார். 1690 முதல் 1698 வரை நடந்த முகலாய முற்றுகையின்போது, சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கிருந்தே மராத்திய அரசை நடத்தினார்; ஆங்கிலேயர் தேவனாம்பட்டினக் கோட்டையை 1690-இல் விலைக்கு வாங்கியது அவரிடம்தான். ஏறத்தாழ எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கியதற்கு மதிலின் வலிமையை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். நாயக்கர் காலத்துக் களஞ்சியங்களும் குளங்களும் இல்லாதிருந்தால், எத்தனை தடித்த மதிலும் ஓராண்டுக்கு மேல் பயன்பட்டிராது.

1714-இல் தேசிங்கு ராஜன் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் போரிட்டு மாண்டார். நவாப் பெயரிலுள்ள பள்ளிவாசல் 1717–18-இல் எழுந்தது. அதுவே செஞ்சியின் கடைசிப் பெரிய பொதுக் கட்டடம். ஆட்சி மையம் ஆர்க்காட்டுக்கும், வணிகம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நகர்ந்துவிட்ட பின், கட்ட வேண்டிய தேவையும் கட்டுவோரும் இல்லாமற்போயினர். 1750-இல் பூசி தலைமையில் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர்கள் 1761 வரை அதை வைத்திருந்தனர். நூறு ஐரோப்பியருக்கு மேல் என்றும் நிறுத்தாதிருந்தும், அந்தப் பத்தாண்டுகளில் 1,200 பேரை நோய்க்குப் பலிகொடுத்தனர் என்று அக்காலத்து ஆங்கிலப் படை வரலாறு குறிக்கிறது. மக்கள் வாழ்ந்து தூர் வாரிப் பேணிய காலத்தில் நகரத்துக்கு உயிராயிருந்த குளங்களும் அகழியும், பேணுவாரற்றபின் காய்ச்சலின் ஊற்றுகளாயின. பொதுக் கட்டடம் என்பது ஒருமுறை கட்டி முடிப்பதோடு தீர்வதில்லை. அதைப் பராமரிக்கும் ஊர் கலைந்தால் அதுவே ஊருக்குப் பகையாகும். பிளினியின் கடிதங்களிலும் இதே உண்மை வேறு வடிவில் உள்ளது.

கற்கள் வேறிடம் சென்றதும் இக்காலத்தில்தான். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கால் நாட்டு நகரத்தார் பழைய கல்லறைகளையும் மண்டபங்களையும் பிரித்து மதில் கட்டிக்கொண்டது போல, செஞ்சிக் கோயில்களின் ஒற்றைக்கல் தூண்கள் புதுச்சேரிக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1870-இல் அங்குக் கடற்கரையில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் சிலை நிறுவப்பட்டபோது அவை அதைச் சூழ நின்றன. இன்று காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அத்தூண்களே. கடற்கரையில் மாலை உலாவச் செல்வோரில் அவை செஞ்சித் தூண்கள் என்று அறிந்தவர் சிலர். அங்கே ஒரு பலகையாவது வைக்கப்பட வேண்டும்.

செஞ்சியைப் பற்றிய முறையான வரலாற்றெழுத்து 1943-இல் சி. எஸ். ஸ்ரீனிவாசாச்சாரி எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நூலோடு வலுப்பெற்றது. அது அடிப்படையில் அரசர்களின் வரலாறு. கட்டடங்கள் அதில் நிகழ்ச்சிகளின் பின்னணியாக வருகின்றன. நாயக்கர் கால அரசவை, பொருளியல், பண்பாடு ஆகியவற்றைப் புதிய கோணத்தில் அணுகிய நாராயண ராவ், ஷுல்மன், சுப்ரமண்யம் ஆகியோரின் 1992-ஆம் ஆண்டு நூல் அரசுக்கும் செல்வத்துக்கும் இருந்த உறவை வெளிச்சமிட்டது. தெலோஷின் நூல் தலைப்பிலேயே செஞ்சியை அரண்சூழ் நகரம் என்று அழைத்தது; மதிலுக்கு அளித்த நுணுக்கத்தை அது நீருக்கும் அளித்தது. இவை மூன்றையும் இணைத்து, நகரத்தின் நிலப்படத்தை மீட்டெடுக்கும் பணி இன்னும் ஆள் வேண்டி நிற்கிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, 'இந்தியாவின் மராத்திய இராணுவ நிலவெளிகள்' என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை, பன்னிரண்டாவது செஞ்சி. 1921 முதல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாகப் பாதுகாக்கப்படும் இடத்துக்கு உலக அங்கீகாரம் கிடைத்தது மகிழத்தக்கது. ஆனால் மராத்தியர் செஞ்சியில் இருந்தது 1677 முதல் 1698 வரை, இருபத்தோரு ஆண்டுகள். கல்யாண மகாலும் களஞ்சியங்களும் வேங்கடரமணர் கோயிலும் அந்த ஆண்டுகளுக்கு முந்தியவை. பள்ளிவாசலும் செட்டிக்குளமும் பிந்தியவை. இராணுவம் என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் செஞ்சியை வைத்தால், பராமரிப்புப் பணமும் அறிவிப்புப் பலகைகளும் ஆய்வும் மதிலையும் மலையுச்சியையும் நோக்கியே செல்லும். மதில்களுக்கிடையேயுள்ள தாழ்நிலம், அதாவது நகரம் இருந்த இடம், வெறும் வெளியாகவே கணக்கிடப்படும். இந்தப் போக்கை இப்போதே திருத்துவது அவசரம்.

செய்யவேண்டியது கடினமன்று. வெளிக்கோட்டைக்குள் உள்ள வயல்களிலும் புதர்களிலும் மேற்பரப்பு ஆய்வு நடத்தினால் ஓடுகள், மட்கலத் துண்டுகள், கட்டட அடித்தளங்கள் எங்கெங்கே செறிந்துள்ளன என்பது தெரியவரும்; அதிலிருந்து தெருக்களையும் சந்தையையும் அடையாளம் காணலாம். மண்குழாய்களின் தடத்தை நிலம் தோண்டாமலே கருவிகள் கொண்டு அறிய முடியும். மலையிலிருந்து குளத்துக்கும் குளத்திலிருந்து குளத்துக்கும் நீர் ஓடிய வாய்க்கால்களை வரைபடமாக்குவதற்குச் செஞ்சி, மேலச்சேரி, சிங்கவரம் ஊர்களின் விவசாயிகளே நல்ல வழிகாட்டிகள். எந்த ஓடை எந்த ஏரிக்குப் போகும், எது அடைபட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் பேச்சு எழும்போதெல்லாம் மதில் தப்புமா என்றுதான் கேட்கப்படுகிறது. சாலையின் இரு மருங்கிலும் மண்ணுக்கடியில் இருக்கும் தெருக்களுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். அவற்றை அளந்து குறிக்கும் வரை அங்கு மண்வெட்டும் எந்திரம் இறங்கக்கூடாது.